டிக்ரி என் கையில், துட்டு அவர் பையில்

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம், எங்களிடம் அப்பளம் தேய்க்க வரும் பெரியம்மா ஒருத்தி கேட்டாள்: "எட்டி, கோர்ட்ல செயிச்சிட்டன்னா துட்ட அங்கனயே எண்ணிக் குடுப்பாவளா?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கும் பதில் தெரியாது. ஏதோ ஒரு ஜன்னலில் போய்க் கையெழுத்துப் போட்டால் பணம் வரும் என்றுதான் மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன்.

அது 2021 ஆகஸ்ட். பணம் முழுசாக வந்து சேர்ந்தது 2024 டிசம்பரில். நடுவில் நான் கற்றுக்கொண்டதை, இதே மாதிரி தீர்ப்பு நகலைப் பீரோவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் ஆறு பெண்களை வைத்து அப்பளம் போடுகிறவள். உளுந்து விலையும் ஐப்பசி மழையும்தான் எனக்குத் தெரிந்த சட்டம்.

கதை சாதாரணமானதுதான். மொத்தமாகச் சரக்கு எடுக்கும் ஒரு அண்ணாச்சி. முதல் மூன்று வருஷம் கணக்கு சுத்தம். பிறகு பாதி வரவு, பாதி பாக்கி. பாக்கி ஏறிக்கொண்டே போய் ரெண்டரை லட்சத்தில் நின்றது. கேட்கப் போனால், "தங்கச்சி, உன் துட்டு எங்கயும் போயிராது" என்பார். அந்த வாக்கியத்தை நம்பியே ஒரு வருஷம் ஓட்டினேன். கடைசியில் 2016 மார்ச்சில் மாசம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். அதற்கு ஆயுள் மூன்று வருஷம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். இல்லை, வட்டியோ அசலோ கொஞ்சம் கட்டி அதன் பின்பக்கம் அவர் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம். அவர் ஒரு ரூபாயும் கட்டவில்லை, கையெழுத்தும் போடவில்லை. மூன்று வருஷம் முடிய ஒரு மாசம் இருக்கும்போது, 2019 பிப்ரவரியில், பதறியடித்துக்கொண்டு வழக்குப் போட்டேன். அசல் 2,50,000, வட்டி 87,500, ஆக 3,37,500. கோர்ட் ஸ்டாம்பு மூன்று சதவீதம், 10,125 ரூபாய். 2017-க்கு முன்னால் இதுவே ஏழரை சதவீதமாக இருந்ததாம்.

வழக்குப் போட்ட அந்த வாரத்தில் நான் செய்த தப்பு ரெண்டு. ரெண்டுமே பிறகு காசாகக் கடித்தது.

முதல் தப்பு, வட்டி. வழக்குப் போட்ட தேதியிலிருந்து பணம் வசூலாகும்வரை என்ன வட்டி வேண்டும் என்பதை மனுவில் அழுத்திக் கேட்கவில்லை. தீர்ப்புக்குப் பிந்திய வட்டி சாதாரணக் கடனுக்கு ஆறு சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் வியாபாரக் கொடுக்கல் வாங்கல் என்றால், பேசிய வட்டியையே கொடுக்கச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. என்னுடையது அப்பட்டமான வியாபாரக் கடன். ஆனால் நாங்கள் வெறும் புரோநோட்டுக் கடன் என்று போட்டோம். கோர்ட்டும் வழக்குத் தேதியிலிருந்தே ஆறு சதவீதம் போட்டது. மாசம் 2,500 வர வேண்டிய இடத்தில் 1,250. பேசி முடித்த 2024 ஆகஸ்ட் வரை அறுபத்தாறு மாசத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாவது தப்பு இன்னும் பெரிசு. அவர் பேரில் அப்போது கடைக் கட்டடம் இருந்தது. சம்மன் கையில் கிடைத்த நாலாவது மாசம் அதைப் பெண்டாட்டி பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டார். எனக்கு அது ரெண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். கடன்காரர் சொத்தை மறைக்கப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். அதற்கென்றே அதே சட்டத்தின் 38-ஆம் ஆணையில் 5-ஆம் விதி இருக்கிறது. சும்மா சந்தேகப்பட்டால் போதாது, அவர் விலை பேசுகிறார், ஆள் வந்து அளந்துபோகிறது என்று ஏதாவது கையில் வேண்டும். நான் வழக்கைப் போட்டுவிட்டு வடாம் காய வைத்த மாதிரி நிம்மதியாக இருந்துவிட்டேன். மாசம் ஒரு தடவை அந்தச் சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால் போதும். பதிவுத்துறைத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

சரி, டிக்ரி வந்தது, அதாவது அவர் எனக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்ற கோர்ட் உத்தரவு. நடுவில் கொரோனாவில் போன நாட்களை நான் யார் மேலும் போட மாட்டேன். டிக்ரி வந்தால் அடுத்தது இ.பி., அதாவது நிறைவேற்று மனு. இதைக் கோர்ட் தானாகத் தொடங்காது. நாம் போட வேண்டும், என்ன செய்து பணத்தை வாங்கித் தர வேண்டும் என்பதையும் நாமே சொல்ல வேண்டும்: ஆளைப் பிடிப்பதா, சாமானை ஜப்தி செய்வதா, நிலத்தையா, சம்பளத்தையா, அவருக்கு வேறு ஒருவர் தர வேண்டிய பணத்தையா. இதில் நாம் எதையும் சொல்லாவிட்டால் டிக்ரி வெறும் காகிதம். பன்னிரண்டு வருஷம் வரைக்கும் இ.பி. போடலாம் என்று கேட்டதும் பலர் ஆறப் போட்டுவிடுகிறார்கள். ரெண்டு வருஷம் தாண்டிப் போட்டால், எடுத்த எடுப்பிலேயே எதிராளிக்கு நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் போனால் என்ன ஆகும் என்று தான செட்டில்மென்ட் கதையிலேயே பார்த்தோமே.

2022 ஜனவரியில் கோர்ட் என் இ.பி.யை ஏற்று நம்பர் போட்டது. செலவுத்தொகை 22,000-ஐயும் சேர்த்து அன்றைய கணக்கு 4,03,250.

கோபத்தில் இருந்தேன். "ஆளைப் பிடிச்சு உள்ள போடணும் சார்" என்றேன். வக்கீல் சார் நல்ல மனிதர், ரெண்டு தடவை வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. நோட்டீஸ் போயிற்று. அண்ணாச்சி கோர்ட்டுக்கு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! கடையில் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பவர், அன்றைக்குச் சாயம் போன சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்து, "கையில சல்லிக்காசு இல்ல" என்றார். கடை? பெண்டாட்டி பேரில். ஜிஎஸ்டி? பெண்டாட்டி பேரில். அவர் அங்கே "கூடமாட ஒத்தாசைக்கு" இருக்கிறாராம்.

இங்கேதான் எனக்குப் பெரிய பாடம். பணம் கட்ட முடியாதவரைச் சிறையில் போட முடியாது. வசதி இருந்தும் கட்ட மறுக்கிறார் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். 1980-லேயே உச்ச நீதிமன்றம், நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், வறுமையினால் கட்டாதவரை அடைப்பது தகாது என்று சொல்லிவிட்டது. கேட்டபோது எரிச்சலாக இருந்தது, யோசித்தால் நியாயம்தான். நாளைக்கு நானே கடன்பட்டால்? அப்படியே அடைத்தாலும் அதிகபட்சம் மூன்று மாசம்தான். அவருடைய சாப்பாட்டுப் படியை நாம் கட்ட வேண்டும். வெளியே வந்த பிறகு கடன் அப்படியே இருக்கும், ஆனால் அதே டிக்ரிக்கு மறுபடி பிடிக்க முடியாது. பெண்களைப் பணக்கடன் டிக்ரிக்காகக் கைது செய்யவே முடியாது. என்னிடம் அவருடைய வருமானத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு ஆதாரமும் இல்லை. ஒன்றரை வருஷம், எத்தனை வாய்தா என்று எண்ணவில்லை, அந்த மனு தள்ளுபடி.

அதற்கிடையில் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரச் சொல்லி ஒரு மனு போட்டோம். இது 21-ஆம் ஆணையின் 41-ஆம் விதி. இதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும், யாராவது என்னிடம் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். கோர்ட் உத்தரவிட்டும் தராமல் இருந்தால் மூன்று மாசம் வரை சிவில் சிறை உண்டு, அதனால் ஏதாவது ஒன்றைத் தந்துதான் ஆக வேண்டும். அண்ணாச்சி தந்தார்: சைக்கிள் ஒன்று, கட்டில் ஒன்று, சமையல் பாத்திரங்கள், ஒரு கைபேசி. படித்துவிட்டுச் சிரித்தேன், ஆனால் அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தினேன். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டவருடைய காகிதம் என்றாவது உதவும்.

பிறகு கடைச் சரக்கை ஜப்தி செய்யப் பேட்டா (படிச்செலவு) கட்டி, கோர்ட் ஊழியரான அமீனாவைக் கூட்டிப் போனோம். அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. நான் தெருமுனையில் நின்றேன். அண்ணாச்சி பெண்டாட்டி வெளியே வந்து ஜிஎஸ்டி சான்றிதழைக் காட்டினார். "இது என் கடை. அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" அமீனா எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். திண்ணையில் அண்ணாச்சியின் மாமியார், வயசான கிழவி, என்னைப் பார்த்து, "உள்ள வாட்டி, மோர் குடிச்சிட்டுப் போ" என்றாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்துதான் கூப்பிட்டாளோ என்னவோ. நான் போகவில்லை.

வீட்டுக்குள் போயிருந்தாலும் எதையும் எடுத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம். உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தாலி, தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் கலப்பை, மாடு, விவசாயி குடியிருக்கும் வீடு, இதெல்லாம் அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுப்படி ஜப்திக்கு அப்பாற்பட்டவை. பி.எப்., கிராஜுவிட்டி, அரசு ஓய்வூதியம் இவற்றையும் தொட முடியாது. கடன்காரர் சம்பளக்காரராக இருந்தால் உங்கள் பாடு எளிது: சம்பளத்தில் முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் ரெண்டு பங்கும் அவருக்கு, மிச்சம் உங்களுக்கு. மேலதிகாரிக்குக் கோர்ட் உத்தரவு போய்விட்டால் மாசாமாசம் பிடித்து அனுப்புவார்கள். ஒரே டிக்ரிக்கு 24 மாசம்தான் பிடிக்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. என் அத்தான் ஒருவர் இப்படித்தான் வாய்தாவுக்கு அலையாமலே வசூலித்தார். எனக்கு வாய்த்தது அண்ணாச்சி.

மனசு விட்டுப்போன நேரம். வக்கீல் சார் ஆறுதலாக ஒன்று சொன்னார்: இந்தியாவில் வழக்காடுகிறவனுடைய கஷ்டம் டிக்ரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று 1872-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் எழுதியிருக்கிறதாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி ஒருத்தர் எனக்காக வருத்தப்பட்டிருக்கிறார் என்பதில் ஒரு திருப்தி.

வழி திறந்தது எங்கள் மாவுப் பலகையில். மைனி ஒருத்தி ஆலங்குளம் பக்கத்துக்காரி. பிரண்டைச் சாறு வடிகட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த அண்ணாச்சிக்கு எங்க ஊருப் பக்கம்தான பூர்வீகம். அவுக அப்பா செத்த பெறவு அண்ணன் தம்பியெல்லாம் நிலத்த வெலைக்குப் பேசுதாவளாம்." என் கை நின்றுவிட்டது.

அப்பா இறந்தது 2020-இல். நான் வழக்குப் போட்டபோது அந்த நிலம் அவருக்கு இல்லை. அதனால் அப்போது தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. ஒரு தடவை பார்த்து இல்லை என்றால் எப்போதும் இல்லை என்று எடுத்துக்கொண்டதுதான் என் பிசகு. கடன்காரருக்கு அப்பா அம்மா உண்டு, பங்கு உண்டு, சீட்டுப் பணம் உண்டு, வரவேண்டிய பாக்கி உண்டு. ஆறு மாசத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

மைனி மூலம் சர்வே நம்பர் கிடைத்தது. அன்று ராத்திரியே போனில் அரசாங்க இ-சேவைத் தளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம் போட்டுப் பட்டாவைத் திறந்தேன். முதலில் திருநெல்வேலி மாவட்டத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன், வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, 2019 நவம்பரிலிருந்து ஆலங்குளம் தென்காசி மாவட்டம் அல்லவா. கூட்டுப்பட்டா. நாலு அண்ணன் தம்பி, ஒரு அக்கா, ஐந்து பேர் பெயரும் வரிசையாக. நம் அண்ணாச்சி பெயர் மூன்றாவது. ரெண்டு ஏக்கர் ஐம்பது செண்டு, அவர் பங்கு ஐம்பது செண்டு. சைக்கிளும் கட்டிலும் மட்டும் வைத்திருந்தவருக்கு!

அடுத்த சிக்கல், நிலம் நம் கோர்ட் எல்லையில் இல்லை. எல்லைக்கு வெளியே இருக்கும் சொத்தை நம் கோர்ட் தொட முடியாது. டிக்ரியை அந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்கு மாற்றி அனுப்பச் சொல்லி மனு போட்டு, அங்கே புதிதாக இ.பி. போட வேண்டும். அதற்கு நாலு மாசம் போயிற்று. இந்த நாலு மாசமும் வில்லங்கத்தைத் தினம் பார்க்காத குறை.

2024 மே மாசம் அவருடைய பிரிபடாத பங்கு ஜப்தி ஆனது. அமீனா போய் நிலத்தில் தண்டோரா போட்டு, நோட்டீஸ் ஒட்டினார். இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: ஜப்தி உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வில்லங்கத்தில் ஏறிவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஜப்திக்குப் பிறகு அவர் விற்றால் அது நம் டிக்ரியைக் கட்டுப்படுத்தாது என்பது சட்டம். ஆனால் வாங்க வருகிறவர் பார்ப்பது வில்லங்கச் சான்றைத்தான். அதில் ஏறினால்தான் வேலை நடக்கும்.

நடந்தது. திருநெல்வேலி - தென்காசி நாலுவழிச் சாலை வேலையால் அந்தப் பக்கம் நிலத்துக்கு மவுசு. மனைப்பிரிவு போடுகிறவர் ஒருவர் மொத்தமாக வாங்கப் பேசி முன்பணமும் கொடுத்திருந்தாராம். வில்லங்கத்தில் என் டிக்ரியைப் பார்த்ததும் கிரயம் நின்றுபோயிற்று. எட்டு வருஷமாக நான் கேட்டதற்கு அசையாத மனிதரை, அவருடைய கூடப்பிறந்தவர்கள் ரெண்டே மாசத்தில் உலுக்கிவிட்டார்கள். உண்மையில் நிலம் ஏலத்துக்குப் போயிருந்தால் எனக்குக் கஷ்டம்தான். பிரிபடாத பங்கை ஏலம் எடுக்க எவர் வருவார்? எடுத்தாலும் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். எடுத்தவர் கால்பங்குப் பணத்தை உடனே கட்டி, மீதியைப் பதினைந்து நாளில் கட்டினாலும், கடன்காரர் அறுபது நாளுக்குள் முழுத்தொகையும், ஏலம் எடுத்தவருக்கு ஐந்து சதவீதமும் கட்டி ஏலத்தை ரத்து செய்துகொள்ளலாம். ஏலம் போட்டு வசூலிக்கலாம் என்று யாராவது சுளுவாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய மூத்த அண்ணன் வீட்டுக்கு வந்தார். நல்லவேளை, கையில் அல்வா இல்லை. ஒரு சீப்பு மட்டிப்பழம். "தங்கச்சி, தம்பி செஞ்சது தப்புதான். எவ்வளவுன்னு சொல்லும்மா, முடிச்சிருவோம்."

அன்றைய கணக்கு 4,32,000. அதில் ஒரு பத்தாயிரம் கழித்த கணக்கு. 2022 தீபாவளிக்கு அண்ணாச்சி பத்தாயிரம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நான் அதை மறுநாளே வக்கீலிடம் சொல்லி, கோர்ட்டில் மெமோ போட்டுப் பதிவு செய்திருந்தேன். அப்போது அக்கம்பக்கத்தில், "எதுக்குச் சொன்னே, கம்முனு இருக்க வேண்டியதுதானே" என்றார்கள். ஆனால் அதே அண்ணாச்சி பிறகு கோர்ட்டில், ஒன்றரை லட்சம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன், சாட்சி இருக்கிறது என்று சொன்னபோது எது எடுபட்டது தெரியுமா? கோர்ட்டுக்கு வெளியே கொடுத்து, பதிவு செய்யாத பணத்தை டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. என் பத்தாயிரம் பதிவில் இருந்தது, அவருடைய ஒன்றரை லட்சம் வாயில் இருந்தது.

4,20,000-க்கு முடித்தோம். பன்னிரண்டாயிரத்தை விட்டேன், இன்னும் ரெண்டு வாய்தாவுக்குப் போய்வந்தால் உளுந்து ஊறப்போட ஆளிருக்காது. ரெண்டு லட்சம் டிமாண்ட் டிராப்டாக முதலிலேயே, மீதி செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மாசம் 55,000. ஒவ்வொன்றும் மெமோவோடு. கடைசித் தவணை வந்த பிறகுதான் ஜப்தி நீங்கும் என்று எழுதி வாங்கினேன். இதில் மட்டும் அண்ணன்காரர் மூன்று தடவை பேசிப் பார்த்தார். முதல் தவணை வந்ததுமே ஜப்தியை எடுத்துக் கொடு, கிரயம் முடிந்ததும் மிச்சத்தை மொத்தமாகத் தருகிறோம் என்றார். கேட்க நல்லாத்தான் இருந்தது. "உன் துட்டு எங்கயும் போயிராது" என்பதுகூடக் கேட்க நல்லாத்தான் இருந்தது.

நான் ஒருத்தி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இ.பி.யை ஆறு மாசத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லி, 2025 மார்ச்சில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நில வழக்கில் மறுபடியும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அந்த வருஷம் அக்டோபரில் கணக்கெடுத்தபோது நாடு முழுக்க 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேல் இ.பி.கள் தேங்கிக் கிடந்தன. உங்கள் இ.பி. இழுத்தால், இந்தத் தீர்ப்புகளைச் சொல்லி விரைவாக முடிக்கக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். நான் கேட்டதில்லை, எனக்கு அப்போது தெரியாது.

கடைசித் தவணைக்குப் பிறகு, முழுத்தொகையும் வந்து சேர்ந்தது என்று மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கோர்ட் வாசல் டீக்கடையில் அண்ணாச்சி நின்றிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. என்னைப் பார்த்து ஒரு டீ சொன்னார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.

"தங்கச்சி, பொங்கலுக்கு ரெண்டு பெட்டி அப்பளம் கிடைக்குமா? ஒன் சரக்கு மாதிரி வேற எங்கயும் பொரிய மாட்டேங்கு."

"துட்டு குடுத்தா கிடைக்கும் அண்ணாச்சி."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். என் போனில் பணம் வந்த சத்தம் கேட்ட பிறகுதான் டீயைக் கையில் வாங்கினேன்.